கைமணம்: ஹவானா சுருட்டைச் சுவைத்தல்



கைவினைகளைப் பற்றிய இந்தத் தொடரில் இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஹவானா சுருட்டு. மற்றக் கைவினைப் பொருள்கள் பெரும்பாலும் செய்தவரின் காலத்தைத் தாண்டி நிற்கின்றன. பட்டுச்சேலை மகளுக்குப் போகிறது, வெண்கல விளக்கு பேரனுக்குப் போகிறது. சுருட்டோ முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் சாம்பலாகிவிடுகிறது. அதற்குள் இறங்கியிருக்கும் உழைப்பு பல ஆண்டுக்காலத்து உழைப்பு. இவ்வளவு வேலை இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் ஒரு பொருளை எப்படி அணுகுவது என்பதே என் பேச்சு.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நல்ல சுருட்டில் நாம் உணரும் ஒவ்வொரு சுவைக்கும் பின்னால் யாரோ ஒருவர் செய்த வேலை இருக்கிறது. நாற்று நட்டவர், இலையைக் கோத்தவர், அம்பாரத்தைப் பிரித்து அடுக்கியவர், மேசையில் உட்கார்ந்து சுருட்டியவர் என்று நீளும் வரிசை அது. அந்த வேலையைச் சுவையின் வழியாக அடையாளம் கண்டுகொள்வதற்குப் பெயர்தான் ரசனை. பெட்டியின் விலையோ பட்டையில் இருக்கும் பெயரோ அந்த அடையாளத்தைத் தந்துவிடாது. ஆகவே சுருட்டு எப்படி உருவாகிறது என்று சொல்லிவிட்டுத்தான் அதை எப்படிச் சுவைப்பது என்பதற்கு வர முடியும்.

என் கையில் இருப்பது ஒரு ரொபுஸ்டோ. நீளம் 124 மில்லிமீட்டர். சுருட்டின் பருமனை ஓர் அங்குலத்தை 64 பங்காக வைத்துச் சொல்வது வழக்கம். இதன் பருமன் 50, அதாவது 20 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. இந்த அரங்கில் இதை நான் பற்றவைக்கப் போவதில்லை. பொது இடத்தில் புகைக்கச் சட்டம் இடம் தரவில்லை, தரவும் கூடாது. பற்றவைக்காமலேயே ஒரு சுருட்டைப் பற்றிப் பாதிக்குமேல் தெரிந்துகொள்ளலாம்.

மண்ணும் இலையும்

கியூபா தீவின் மேற்குக் கோடியில் பினார் தெல் ரியோ மாகாணம். அதற்குள் வுவெல்தா அபாஹோ என்னும் பகுதி. சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தினேஸ் என்ற இரண்டு சிற்றூர்களைச் சுற்றியுள்ள வயல்களில்தான் உலகின் மிகச் சிறந்த சுருட்டுப் புகையிலை விளைகிறது என்பது பொதுவான மதிப்பீடு. மணல் கலந்த செம்மண். மழை ஓய்ந்து காற்றில் ஈரம் மட்டும் மிஞ்சியிருக்கும் குளிர்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாற்று நட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை இலை பறிக்கலாம்.

அங்கே ஒரே பயிரை இரண்டு விதமாக வளர்க்கிறார்கள். சுருட்டின் மேலே சுற்றும் இலைக்கான செடிகளின் மீது வயல் முழுவதும் மெல்லிய பருத்தித் துணியைப் பந்தலாகக் கட்டிவிடுகிறார்கள். வெயில் வடிகட்டி விழுவதால் இலை அகலமாகவும் மெல்லியதாகவும் வழவழப்பாகவும் வளர்கிறது. உள்ளே வைக்கும் இலைக்கான செடிகள் திறந்த வெயிலில் நிற்கின்றன. காரமும் எண்ணெய்ப் பசையும் வெயில் தருபவை. செடி பூவுக்குத் திரும்பும்போது கொண்டையைக் கிள்ளிவிடுகிறார்கள், பக்கத்தில் வெடிக்கும் தளிர்களையும் ஒடித்துவிடுகிறார்கள். செடியின் சத்தெல்லாம் இலைக்கே போக வேண்டும். இந்த வேலைக்காக ஒவ்வொரு செடியிடமும் ஒரு பருவத்தில் பல முறை குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது.

ஒரே செடியில் இலைக்கு இலை குணம் வேறு. அடியில் இருப்பது வொலாதோ. நன்றாக எரியும், சுவை குறைவு. நடுவில் இருப்பது செக்கோ, மணம் தருவது. உச்சியில் வெயிலை நேராக வாங்குவது லிஹேரோ. தடித்தது, எண்ணெய் பூத்தது, காரமானது, மெதுவாக எரிவது. பறிக்கும்போதும் செடியை மொத்தமாக வெட்டுவதில்லை. கீழிருந்து இரண்டு மூன்று இலைகளாக, சில நாள் இடைவெளி விட்டுவிட்டுப் பறிக்கிறார்கள்.

இந்த மண்ணின் பெயரை உலகம் ஒரு மனிதரோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. சான் லூயிஸைச் சேர்ந்த அலெஹாந்த்ரோ ரொபைனா (1919–2010). கியூபப் புரட்சிக்குப் பிறகும் அவர் குடும்பத்தின் நிலம் குடும்பத்திடமே இருந்தது. அவர் விளைவித்த மேலிலையின் தரத்துக்கு மரியாதையாக 1997-இல் ஒரு ஹவானா சுருட்டு வகைக்கே அவர் பெயரை வைத்தார்கள். வாழும் விவசாயி ஒருவரின் பெயரைப் பெட்டியில் பொறித்தது அந்தத் தொழிலில் அரிய நிகழ்ச்சி.

பாடம்

பச்சை இலையைச் சுருட்டிப் புகைத்தால் தொண்டை கமறும், வேறொன்றும் கிடைக்காது. இலையை இலையாக இல்லாமல் ஆக்குவதுதான் பாடம் செய்யும் வேலை. இலைகளை இரண்டிரண்டாக ஊசி நூலால் கோத்து, நீண்ட கழிகளில் தொங்கவிட்டு, மரக்கொட்டகைக்குள் ஏற்றுகிறார்கள். காலையில் ஒரு முனையிலும் மாலையில் மறுமுனையிலும் வெயில் படும்படி கொட்டகை கிழக்கு மேற்காக அமைந்திருக்கும். காற்றின் ஈரத்தைப் பார்த்து ஒருவர் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். இலை உலர உலரக் கழிகளை மேலே மேலே ஏற்றுகிறார்கள். ஏறத்தாழ 50 நாளில் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகிறது. அவசரப்பட்டுச் சூடேற்றினால் பச்சை நிறம் இலைக்குள்ளேயே தங்கிவிடும், அந்தப் பச்சை வாடையும் தங்கிவிடும்.

அடுத்தது அம்பாரம். இலைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி மூடிவைத்தால் அவை தம் ஈரத்தாலேயே புழுங்கத் தொடங்குகின்றன. உள்ளே சூடு ஏறுகிறது. அம்மோனியா வெளியேறுகிறது, நிக்கோட்டினும் துவர்ப்பும் குறைகின்றன. சூடு எல்லை மீறினால் அம்பாரத்தைக் குலைத்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளுமாக மாற்றி அடுக்க வேண்டும். பிறகு இலையைத் தரம் பிரித்து, நடுநரம்பை உரித்து, மறுபடியும் அம்பாரம் போடுகிறார்கள். இரண்டாம் முறை இன்னும் நீளமானது. கோஹீபா என்னும் ஹவானா வகைக்குப் போகும் செக்கோ, லிஹேரோ இலைகளுக்கு மூன்றாவது முறையும் உண்டு, அது மரப் பீப்பாய்க்குள் நடக்கிறது. இதெல்லாம் முடிந்த பிறகு இலைகள் சிப்பமாகக் கட்டப்பட்டுக் கிடங்கில் காத்திருக்கின்றன. லிஹேரோ குறைந்தது இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

புகைக்கும்போது மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி வந்தால் யாரோ ஒருவர் அம்பாரத்தை முன்கூட்டியே பிரித்துவிட்டார், அல்லது சுருட்டு பெட்டியில் இன்னும் ஆறவில்லை என்று பொருள். கோக்கோவும் காப்பிக்கொட்டையும் கலந்தாற்போல் ஒரு கனிந்த கசப்பு வந்தால் அந்த அம்பாரத்தின் பக்கத்தில் பொறுமையாக ஒருவர் நின்றிருக்கிறார். சுவையைக் கேட்டால் அது இவர்களைத்தான் சொல்லும்.

மேசை

இப்போது ஹவானாவின் சுருட்டாலைக்குள் போவோம். நீண்ட கூடம். பள்ளிக்கூடம் மாதிரி வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு மரப்பலகை, பிறை வடிவில் வளைந்த சாவேத்தா என்னும் கைப்பிடி இல்லாத கத்தி, பருமனும் நீளமும் பார்க்க ஓர் அளவுச்சட்டம், நிறமும் ருசியும் இல்லாத தாவரப் பசை ஒரு கிண்ணம். சுருட்டுபவருக்குத் தொர்செதோர் என்று பெயர். பெண்ணானால் தொர்செதோரா. இந்த வேலையில் இப்போது பெண்களே அதிகம்.

இந்த ரொபுஸ்டோ எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். முதலில், உள்ளிலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டிலையைப் பலகையில் விரிக்கிறார். அடுத்து இடது உள்ளங்கையில் உள்ளிலைகளை எடுத்து வைக்கிறார். எந்த இலை எத்தனை என்பது ஒவ்வொரு வகைக்கும் முன்பே வகுத்துத் தரப்பட்ட விகிதம். ஒவ்வோர் இலையையும் நீளவாட்டில் சேலைக் கொசுவம் போல் மடிக்கிறார். அந்த மடிப்புகளுக்கு இடையில்தான் புகை ஓட வேண்டும். லிஹேரோ நட்டநடுவில் போகிறது. மெதுவாக எரியும் இலை ஓரத்தில் போனால் சுருட்டு ஒரு பக்கமாக எரியும். இலைகளின் நுனியெல்லாம் பற்றவைக்கும் பக்கம் பார்த்திருக்கும். நுனி மென்மையானது, அடி கனமானது. சுருட்டு மென்மையாகத் தொடங்கிப் போகப்போகக் கனப்பதற்கு இந்த அடுக்கும் ஒரு காரணம்.

உள்ளிலைகளைக் கட்டிலையால் உருட்டி, மர அச்சில் வைத்து அழுத்துகிறார். அச்சிலிருந்து எடுத்ததும் மேலிலை. இதுதான் கை பேசும் இடம். மேலிலையை நடுநரம்பு நீக்கி இரு பாதியாகப் பிரித்திருப்பார்கள். இடப்பாதி ஒரு திசையிலும் வலப்பாதி எதிர்த்திசையிலும் சுற்றும். நரம்பு தெரியும் பக்கம் உள்ளே போகும்படி பலகையில் விரித்து, சாவேத்தாவால் ஓரத்தை ஒரே இழுப்பில் வளைவாக நறுக்குகிறார். ஒரு கை மேலிலையை மெல்ல இழுத்துப் பிடித்திருக்க, மறுகை சுருட்டை உருட்டுகிறது. இழுப்பு குறைந்தால் சுருக்கம் விழும், கூடினால் இலை கிழியும். வாயில் வைக்கும் தலைப்பக்கம் வந்ததும் மீந்த இலையிலிருந்து ஒரு சிறு வட்டத்தை வெட்டி, பசையால் ஒட்டித் தொப்பி வைக்கிறார். பற்றவைக்கும் கால்பக்கத்தை அளவாக வெட்டிவிட்டால் ஒன்று முடிந்தது. சுருட்டின் வகையைப் பொறுத்து ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு சுருட்டுகள் செய்கிறார்.

ஆலையில் எடையும் அளவும் பார்க்கிறார்கள், காற்று சரியாக இழுக்கிறதா என்று சோதிக்கிறார்கள், சிலவற்றைப் புகைத்தும் பார்க்கிறார்கள். பிறகு நிறம் பிரிப்பவர் வருகிறார். நம் கண்ணுக்கு ஒரே பழுப்பாகத் தெரிவதில் அவர் பல படிகளைக் காண்கிறார். பெட்டியில் இடப்பக்கம் அடர்ந்த நிறமும் வலப்பக்கம் வெளிர்நிறமுமாக அடுக்குவது வழக்கம்.

வாசிப்பவரின் குரல்

அந்தக் கூடத்தில் இன்னொருவர் உண்டு. உயரமான மேடையில் உட்கார்ந்து வாசிப்பவர். லெக்தோர் என்பார்கள். 1865-இல் ஹவானாவின் எல் ஃபீகாரோ ஆலையில் இந்த வாசிப்பு தொடங்கியது. சுருட்டுத் தொழிலாளியாக இருந்த சாதுர்நினோ மார்த்தினேஸ் அதே ஆண்டில் லா அவுரோரா என்ற பத்திரிகையைத் தொடங்கி, வாசிப்பு மற்ற ஆலைகளுக்கும் பரவ வழி செய்தார். வாசிப்பவருக்குக் கூலி தந்தவர்கள் தொழிலாளர்கள்தாம், முதலாளி இல்லை. எதை வாசிப்பது என்பதையும் அவர்களே வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். கேட்டது பிடித்துவிட்டால் எல்லோரும் சாவேத்தாவைப் பலகையில் தட்டுவார்கள். அதுதான் கைத்தட்டல். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளி அலெக்சாந்தர் தூமாவையும் விக்தர் ஹியூகோவையும் கேட்டே அறிந்திருந்தார். 1935-இல் தொடங்கிய மொந்தேகிரிஸ்தோ என்னும் சுருட்டின் பெயர் தூமாவின் நாவலிலிருந்து வந்தது. அந்தக் கதைக்கு ஆலைகளில் இருந்த வரவேற்பே அதற்குக் காரணம் என்பார்கள்.

கியூபாவை ஆண்ட காலனி அரசு இந்த வாசிப்பைக் கண்டு அஞ்சியது. 1866-இலேயே தடை போட்டது. தடை நிலைக்கவில்லை. அமெரிக்காவின் டாம்பா நகருக்குக் குடியேறிய கியூபத் தொழிலாளர்கள் வாசிப்பையும் உடன் கொண்டுபோனார்கள். 1891 நவம்பரில் கியூப விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தி அங்கே போய்ப் பேசியபோது விடுதலைப் போருக்குத் தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தவர்கள் இந்தச் சுருட்டுத் தொழிலாளர்கள். 1931-இல் டாம்பாவின் ஆலை முதலாளிகள் வாசிப்பவர்களை வெளியேற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் அந்த மேடை திரும்பவில்லை. கியூபாவில் அது இன்றும் இருக்கிறது.

இது நமக்கு அந்நியமான செய்தி இல்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகையும் கதையும் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டினார்கள். கண்ணூரின் பீடித் தொழிலாளர்களிடமும் அந்த வழக்கம் வேரூன்றியிருந்தது. வாசிப்பவரின் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். கை வேலையில் இருக்கும்போது காது சும்மா இருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட தொழிலாளர்கள் உலகின் வெவ்வேறு கரைகளில் தாங்களாகவே ஒரே ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். சுருட்டின் கதையில் எனக்கு மிகவும் பெருமிதம் தருவது இந்தப் பகுதி.

சுவைக்கும் முறை

இனி சுவைப்பதற்கு வருகிறேன்.

முதலில் கண். மேலிலையில் மெல்லிய எண்ணெய் மினுமினுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நரம்பு புடைத்திருக்கக் கூடாது. சுற்று சுற்றாக ஏறும் கோடு ஒரே சீராக இருந்தால் அந்தக் கை பழகிய கை.

அடுத்து விரல். கால் முதல் தலை வரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். கல்லாக இருக்கும் இடத்தில் புகை அடைபடும். பஞ்சாக இருக்கும் இடத்தில் இலை குறைவு, அங்கே சுருட்டு வேகமாக எரிந்து சூடேறும். நல்ல சுருட்டு அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கி மீண்டும் எழும்.

பிறகு மூக்கு. உடம்புப் பக்கத்தையும் கால் பக்கத்தையும் தனித்தனியே முகருங்கள். மேலிலை ஒரு மணமும் உள்ளிலை வேறொரு மணமும் தரும். வைக்கோல், தோல், ஈர மண், பெட்டியின் மரம். அந்த மரத்தை ஆங்கிலத்தில் செடார் என்று சொன்னாலும் அது உண்மையில் நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரத்தைச் சீராக வைத்திருக்கும், மணமும் தரும்.

தலைப்பக்கத் தொப்பியை வெட்டும்போது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். தொப்பி ஒட்டியிருக்கும் கோட்டைத் தாண்டி வெட்டினால் மேலிலை பிரிந்துவிடும். தொர்செதோரா கடைசியாகச் செய்த நுட்பமான வேலையை நாம் முதல் வேலையாகக் கெடுத்ததாக ஆகும். வெட்டியதும் பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று எளிதாக வர வேண்டும், ஆனால் வெற்றுக்குழாயாகவும் இருக்கக் கூடாது.

பற்றவைக்கும்போது நெருப்பு சுருட்டைத் தொட வேண்டாம். தீக்குச்சியின் மருந்து எரிந்து தீர்ந்தபின், சுடருக்கு மேலே காலைச் சாய்த்துப் பிடித்துச் சுழற்றுங்கள். விளிம்பு முழுதும் கங்கு பிடித்த பிறகுதான் முதல் இழுப்பு. பெட்ரோல் லைட்டர் கூடாது, அதன் வாடை இலையில் ஏறிவிடும்.

புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. வாயில் நிரப்பி, ஓரிரு நொடி வைத்திருந்து விடுங்கள். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்னும் ஐந்தைத்தான். மிச்சமெல்லாம் மூக்கின் வேலை. எப்போதாவது ஒருமுறை வாயை மூடி, வாயில் இருக்கும் புகையில் சிறிதளவை மூக்கின் வழியாக வெளியே விட்டால் அதுவரை மறைந்திருந்த மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். முதலில் மிளகு நெடி, அதன் பின்னால் வறுத்த பாதாம், பிறகு காப்பிக்கொட்டை. உங்கள் மூக்கு வேறு எதையாவது சொன்னால் அதையே எழுதிவையுங்கள். கருப்பட்டி என்று தோன்றினால் கருப்பட்டிதான். புத்தகத்தில் படித்த பெயர்களை வலிந்து தேடினால் வாயில் இருக்கும் சுவை கைநழுவிப் போகும்.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். விரைந்து இழுத்தால் கங்கு கனன்று எல்லாச் சுவையும் கசப்பில் முடியும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே சுருட்டு தன்னை மூன்று பாகமாகக் காட்டத் தொடங்கும். முதல் பாகத்தில் வைக்கோலும் மரமும் தெரியும், சற்றே ஒதுங்கி நிற்கும். நடுப்பாகத்தில் இலைகள் ஒன்றோடொன்று கலந்து பேசும். ஆலையில் விகிதம் வகுத்தவர் எதை நினைத்து வகுத்தார் என்பது இங்கேதான் விளங்கும். கடைசிப் பாகத்தில் காரமும் மண்வாசனையும் கனக்கும். ஒவ்வோர் இழுப்பிலும் புகையின் ஒரு பங்கு இன்னும் எரியாத இலையில் படிந்துகொண்டே வருகிறது. அப்படிப் படிந்த எல்லாம் கடைசியில் சேர்ந்து எரிகிறது. கனம் அதனால்தான். நாக்குக்கு அது பாரமாகத் தோன்றிய உடனே நிறுத்திவிடுவது நல்லது. நசுக்கி அணைக்காதீர்கள், வைத்துவிட்டால் தானே அணைந்துவிடும்.

சாம்பலையும் கவனிக்க வேண்டும். இலைகள் நறுக்குத் தூளாக இல்லாமல் முழுநீளமாக உள்ளே இருந்தால் சாம்பல் உதிராமல் ஓர் அங்குலம் வரை நிற்கும். அதன் நிறம் வெள்ளையா சாம்பல்நிறமா என்பது மண்ணின் தாதுக்களைப் பொறுத்தது, அதை மட்டும் வைத்துத் தரம் சொல்லிவிட முடியாது.

தொடங்குகிறவர்கள் ஓயோ தெ மொந்தெர்ரேய் மாதிரியான மென்மையான வகையில் தொடங்கலாம். ரோமியோ இ ஹூலியெத்தா நடுத்தரம். பார்தகாஸும் பொலிவாரும் கனமானவை. வெறும் வயிற்றில் கனமானதை எடுத்தால் லாகிரி தலைக்கேறிக் கிறுகிறுக்கும். சுருட்டை வைத்திருக்க ஏற்ற ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் வெப்பத்தில் மூடிய பெட்டியும் போதாது. சூடு ஏறினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, குண்டூசித் துளை போட்டுச் சுருட்டையே தின்றுவிடும்.

உடம்பும் அளவும்

இவ்வளவு சொன்ன பிறகு உடம்பைப் பற்றிப் பேசாமல் போனால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன். புகையை உள்ளே இழுக்கவில்லை, அதனால் தீங்கில்லை என்று சொல்வோர் உண்டு. அது தவறு. காற்றில் உலர்த்திப் பாடம் செய்த சுருட்டு இலையின் புகை காரத்தன்மை உடையது. அதனால் நிக்கோட்டின் நுரையீரலுக்குப் போகாமலே வாயின் சவ்வு வழியாக இரத்தத்தில் ஏறும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு முழுப் பாக்கெட் சிகரெட்டின் புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வர அது காரணமாகும் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட விரிவான ஆய்வறிக்கை நிறுவியது. சிக்மண்ட் ஃப்ராய்ட் நாளுக்கு இருபது சுருட்டு வரை புகைத்தவர். 1923-இல் வாயில் புற்றுநோய் தெரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும் அவர் சுருட்டை விடவில்லை. 1939-இல் இறந்தார். சுருட்டின் அடையாளமாகவே உலகம் அறிந்த ஃபிடல் காஸ்ட்ரோ 1985-இல் அதை நிறுத்திக்கொண்டார்.

வழக்கமாகப் புகைப்பவருக்கும் ரசிகருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நாளுக்கு நாலு சுருட்டு பிடிப்பவருக்கு நாலாவதின் சுவை தெரிய வாய்ப்பில்லை. அவர் உடம்பு கேட்பது நிக்கோட்டினை. ரசனைக்கு இடைவெளி வேண்டும். எப்போதோ ஒருமுறை, நேரம் ஒதுக்கி, நல்ல காற்றோட்டத்தில், குழந்தைகள் அருகில் இல்லாதபோது, முழுக் கவனத்தோடு என்று வைத்துக்கொண்டால்தான் நான் சொன்னவை எல்லாம் சாத்தியம். அப்படி வைத்துக்கொண்டாலும் தீங்கு முற்றிலும் நீங்கிவிடாது. புகைக்காதவர் இதற்காகத் தொடங்கவே வேண்டாம். பார்த்து, தொட்டு, முகர்ந்து அறியும் வரை அவருக்கும் இந்த ரசனையில் உரிமை உண்டு.

நம் பக்கம்

கடைசியாக நம் ஊருக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இங்கிலாந்து வரை பேர் பெற்றிருந்தது. உறையூரில் சுருட்டி, இரு முனையும் வெட்டி, கடல் கடந்து போனது. 1887-இல் வெளியான ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிகிறார் ஹோம்ஸ். லண்டன் வாசகருக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் சுருட்டுப் புகையிலை விளைந்தது. இத்தனை இருந்தும் உறையூரில் சுருட்டிய கைகளைப் பற்றி நம்மிடம் இருக்கும் பதிவு மிகக் குறைவு. ஹவானாவின் தொழிலாளர்களுக்கு அவர்களே நடத்திய பத்திரிகை இருந்தது, வாசிப்பவர் இருந்தார், போராட்டத்தின் வரலாறு இருந்தது. ஆகவே உலகம் அவர்களைப் பற்றி இன்று வரை பேசுகிறது. நம் பக்கம் சுருட்டின் பெயர் ஒரு துப்பறியும் கதையில் நின்றது, சுருட்டியவரின் பெயர் எங்கும் நிற்கவில்லை.

ஹவானாவிலும் கூட, பெட்டியின் அடியில் ஆலையின் குறியீடும் தேதியும் இருக்கும், இதைச் சுருட்டியவரின் பெயர் இருக்காது. கையால் முழுவதும் செய்தது என்று பொறித்திருப்பார்கள், யாருடைய கை என்று பொறிப்பதில்லை. உலகச் சந்தையில் அந்தப் பெட்டியின் விலை ஏறிக்கொண்டே போகிறது. மேசையில் இருப்பவரின் கூலி அந்த வேகத்தில் ஏறுவதில்லை. சுருட்டின் நடுப்பாகத்தில் பாதாமையும் காப்பியையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒருவருக்கு இந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். சுவையை அதன் வேர் வரை பின்தொடர்ந்து போகிறவர் கடைசியில் ஒரு மனிதரிடம் போய் நிற்பார். அவரிடம் போன பிறகு, அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்காமல் திரும்பி வருகிற ரசனை பாதியில் நின்றுவிட்ட ரசனை.

பட்டுச்சேலையைப் பார்த்தாலும் வெண்கல விளக்கைப் பார்த்தாலும் சுருட்டைப் பார்த்தாலும் இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள்: இதில் யாருடைய வேலை தெரிகிறது, அந்த வேலைக்கு உரியது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா? முதல் கேள்வி நம்மை ரசிகராக்கும், இரண்டாவது நம்மை நியாயமானவராக்கும். இரண்டும் ஒருவரிடம் சேரும் நாளில்தான் கைவினைகளுக்கு எதிர்காலம் உண்டு.